பழைய துப்பாக்கியை விட்டுச் செல்பவர்கள் ஒரு குறிப்பையும் விட்டுச் செல்லட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் அண்மையில் வந்த ஒரு கடிதத்தைப் படித்ததிலிருந்து மனம் பதறிக்கொண்டே இருக்கிறது. பாட்டனாரின் பெட்டியில் கிடைத்த பழைய கைத்துப்பாக்கி ஒன்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வரவேற்பறையில் மாட்டியிருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் அதை எடுத்து விசையை இழுத்து விளையாடுகிறார்களாம். அவர் பாட்டனார் மீது வைத்திருக்கும் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்த வேறு யாரும் அதே வேலையைச் செய்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் இப்படி ஒரு துப்பாக்கிக்கு வாரிசானவன். சொந்தத்தில் வந்ததல்ல. இளமையிலிருந்து கூடவே இருந்த நண்பர், இறப்பதற்கு முன் எழுதிய உயிலில் அதை என் பெயருக்கு எழுதிவைத்திருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், கோட்டுப் பையில் போட்டால் வெளியே தெரியாது. வால்நட் மரக் கைப்பிடி, தேன் நிறம் ஏறிய இரும்பு, ஒரே ஒரு குழல். விசை எங்கே என்று தேடினால் கிடைக்காது. சுத்தியலைப் பின்னால் இழுக்கும்போதுதான் அது அடியிலிருந்து மெல்ல இறங்கி வரும். பையிலிருந்து அவசரமாக எடுக்கும்போது துணியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. குழலின் வாய்க்குள் நட்சத்திரம் போல வெட்டுகள் இருக்கும். அதற்கென்று ஒரு சாவி உண்டு. அதைச் செருகித் திருகினால் குழல் தனியே கழன்று வரும். மருந்தை அடியறையில் நிரப்பி, ஈயக் குண்டை அதன்மேல் உட்காரவைத்து, குழலைத் திரும்ப மாட்டிவிட வேண்டியதுதான். கோல் வைத்து இடிக்கும் வேலை இல்லை. குண்டு குழலின் துளையைவிடச் சற்றே பெரியதாக இருப்பதால் எங்கும் நழுவி விழாது. இவ்வளவு சின்னப் பொருளுக்குள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று இன்றும் எனக்கு வியப்பு தீரவில்லை.

இதன் பின்பக்கத்தில், முட்டை வடிவக் கோட்டுக்குள் இ, எல், ஜி என்று மூன்று எழுத்துகள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சோதனைச்சாலை அடித்த முத்திரை அது. அங்கே செய்த ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் தாங்கினால்தான் இந்த முத்திரை கிடைக்கும். 1893-க்குப் பிறகு அந்த முட்டை வடிவத்தின் தலையில் ஒரு கிரீடத்தையும் சேர்த்தார்கள். இதில் கிரீடம் இல்லை. ஆகவே அதற்கு முந்தையது. அமைப்பைப் பார்த்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று சொல்லலாம். பிரிட்டனில் செய்தவை என்றால் லண்டன் முத்திரையோ, 1813-இல் தொடங்கிய பர்மிங்காம் சோதனைச்சாலையின் முத்திரையோ இருக்கும். இந்தச் சின்னஞ்சிறு குறிகள்தாம் ஒரு பழைய துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முதலில் அழிவது இவைதாம். பிறகு எந்த நிபுணரிடம் கொண்டு போனாலும் ‘பழையது’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டார். இரும்பின்மேல் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாக ஏறியிருக்கும் பழுப்பு நிறம் அழுக்கல்ல. அதைச் சுரண்டி எடுப்பது, பழைய ஓலைச்சுவடியின் எழுத்தைச் சுரண்டிவிட்டு ஓலை மட்டும் சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்வதற்குச் சமம்.

சரி, இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம். போனது போகட்டும் என்று விட்டுவிடலாம். விட முடியாதது, பிள்ளைகள் விசையை இழுக்கிறார்கள் என்று அவர் எழுதிய வரி.

வாய்வழியாக மருந்து நிரப்பும் பழைய துப்பாக்கிகளைக் கடைசியாகப் பயன்படுத்தியவர் பல சமயம் அப்படியே நிரப்பியே வைத்துவிட்டுப் போயிருப்பார். அந்தக் காலத்தில் அது இயல்பு. ஆபத்து வரும்போது நிரப்ப நேரம் இருக்காதல்லவா? ஆபத்து வரவில்லை, துப்பாக்கி பெட்டிக்குள் போனது, ஆளும் போய்ச் சேர்ந்தார். உள்ளே மருந்து மட்டும் காத்துக்கொண்டிருக்கும். வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்துக்குக் கெட்டுப்போகும் தேதி கிடையாது. ஈரம் படாமல் இருந்தால் தலைமுறைகள் கடந்தும் பற்றும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாலும், அடியில் கறுப்பாகத் தெரிவது துருவா குண்டா என்று பிரித்தறிவது கடினம்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மெல்லிய மரக்குச்சியை வாய் வழியாக அடிவரை மெதுவாக விட்டு, வாய் விளிம்பு வரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். குச்சியை வெளியே எடுத்துக் குழலின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், அது கேப் (சுத்தியல் அடித்ததும் தீப்பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோக மூடி) மாட்டும் முனை இருக்கும் இடம்வரை போயிருக்க வேண்டும். முன்னாலேயே நின்றிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. வெறும் குப்பையாக இருக்கலாம், குண்டாகவும் இருக்கலாம். அப்புறம் அதைத் தொடவே கூடாது. தட்டக் கூடாது, குத்திக் கிளறக் கூடாது, சூடு காட்டக் கூடாது. குழலின் முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, காவல் நிலையத்துக்கோ தொழில் தெரிந்த துப்பாக்கி வினைஞருக்கோ சொல்லிவிட வேண்டும். குச்சி விடும்போதும் அப்படித்தான், முகமோ உள்ளங்கையோ குழல் வாய்க்கு நேரே வரக் கூடாது. இந்த அளவுக்குக்கூடத் தனக்குத் தைரியம் இல்லை என்பவர்கள் சும்மா இருப்பதே நல்லது. தெரிந்தவரை அழைத்துக்கொள்ளலாம்.

துப்பாக்கி காலியாகவே இருந்தாலும் விசையை இழுத்து விளையாடக் கூடாது. சுத்தியல் வெறும் இரும்பு முனையில் அடித்து அடித்து முனை நசுங்கிவிடும். பழைய ஸ்பிரிங் ஒரு நாள் பட்டென்று உடையும். அதைவிடப் பெரிய கெடுதல், துப்பாக்கியை மனிதர்கள் பக்கம் நீட்டலாம் என்று ஒரு பிள்ளை அதிலிருந்து பழகிக்கொள்வது.

‘இத்தனை சிறிய, பழைய சாமானால் என்ன ஆகிவிடும்’ என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1865 ஏப்ரல் 14 அன்று வாஷிங்டனில் ஃபோர்ட்ஸ் நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கனைச் சுட்டது இப்படிப்பட்ட ஒரு பைத்துப்பாக்கிதான். ஃபிலடெல்ஃபியாவின் ஹென்றி டெரிஞ்சர் செய்தது, கேப் வைத்துச் சுடுவது, ஒரே ஒரு குண்டு. இன்றும் அதே அரங்கத்தின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. நெருக்கத்தில் ஒரே தடவை பயன்பட்டால் போதும் என்பதற்காகவே இவற்றைச் செய்தார்கள். காவல்துறை என்று ஒழுங்காக ஒன்று உருவாகாத காலத்தில் குதிரை வண்டியில் நெடும்பயணம் போனவர்கள் வழிப்பறிக்குப் பயந்து வைத்திருந்தார்கள். பெண்கள் குளிருக்குக் கை நுழைத்துக்கொள்ளும் கம்பளி உறைக்குள்ளும் வைத்திருந்தார்கள். என்னிடம் இருப்பதை முதலில் வைத்திருந்தவர் யார், எதற்குப் பயந்தார், எப்போதாவது சுட்டாரா என்பதெல்லாம் இனித் தெரியப்போவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் ‘இது யாரையாவது கொன்றிருக்குமா’ என்று ஆவலாகக் கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிப்பதே இல்லை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பர் அந்தப் பெட்டியோடு இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பை எழுதிவைத்திருந்தார். அந்தக் குறிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், துப்பாக்கி எனக்குச் சொத்தாக வந்திருக்காது, தொல்லையாகத்தான் வந்திருக்கும்.

அவர் கறாரான மனிதர். தன் பொருளைப் பற்றிப் பேசினாலும் கூட்டிச் சொல்லமாட்டார். குறிப்பும் அப்படியே இருந்தது. யாரிடமிருந்து வாங்கினார், எந்த ஆண்டு, அந்த ரசீது எந்த உறைக்குள் இருக்கிறது, ஒவ்வொரு முத்திரையும் எங்கே இருக்கிறது, அதற்கு என்ன பொருள் என்று வரிசையாக எழுதியிருந்தார். ‘சுத்தியலைப் பிடித்திருக்கும் திருகாணி பழையதல்ல, நான் மாற்றியது, யாராவது அதைப் பழையது என்று சொல்லி விற்றால் அது பொய்’ என்று ஒரு வரி. துப்பாக்கி பற்றித் தனக்குத் தெரியாதவற்றைத் தனியாக ஒரு பத்தியில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, அடிக்கோடிட்டு: ‘குழல் காலி. ஆனால் நான் சொல்கிறேன் என்று நம்பாதே. நீயே குச்சி விட்டுப் பார்.’ உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டு, நீயும் ஒரு முறை இழுத்துப் பார் என்பார். நான் குச்சி விட்டுப் பார்த்தேன். அவர் குரல் பக்கத்திலேயே கேட்டது போல இருந்தது. அவர் போனபின் முதல்முறையாக அன்றுதான் நான் அழுதேன்.

இன்னொன்றும் செய்திருந்தார். அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க உரிமம் தேவையா என்று படங்களோடு காவல்துறைக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக் கோப்பில் வைத்திருந்தார். தான் இறந்தபின் அது என் கைக்கு வருவதற்கு என்ன நடைமுறை என்பதையும் சேர்த்துக் கேட்டிருந்தார். அவர் மனைவிக்கு அந்தப் பெட்டி வீட்டில் இருப்பதே பயம். ‘அண்ணா, இதை எங்காவது தண்ணீரில் போட்டுவிடலாமா’ என்று கேட்டார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. கணவர் இறந்த துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு துப்பாக்கியையும் அதன் சட்டச் சிக்கலையும் சேர்த்துக் கொடுத்தால் வேறு என்னதான் தோன்றும்? அந்தக் கோப்பைக் காட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. எழுத்தில் இருந்ததால் காவல் நிலையத்திலும் பேச்சு எளிதாக முடிந்தது. எனக்குக் கொடுப்பதற்கான ஒப்புதல் வந்த பிறகே பெட்டி அந்த வீட்டை விட்டு வெளியே வந்தது.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டப்படி 1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி பழம்பொருள். மாநிலங்களுக்கு வேறு விதிகள் இருக்கலாம். பிரிட்டனில் 1968 சட்டம், அரும்பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருக்கும் பழம்பொருள் துப்பாக்கிகளுக்கு விலக்கு தருகிறது. ஆனால் 2021-இல் விதிகளைத் திருத்தி, வழக்கொழிந்தவை என்று அதுவரை விட்டுவைத்திருந்த சில தோட்டா அளவுகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவற்றுக்கான துப்பாக்கியை அதுவரை அலங்காரமாக வைத்திருந்தவருக்கும் சான்றிதழ் தேவைப்பட்டது. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு தரும் விலக்கையும் கவனமாகப் படிக்க வேண்டும். பழங்காலத்தது என்றால் மட்டும் போதாது. பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாததாக அது இருக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் ஒரு பழைய துப்பாக்கி, வயதானது என்ற ஒரே காரணத்துக்காக அந்த விலக்குக்குள் வராது. ‘அது பழசுதானே, யார் கேட்கப்போகிறார்கள்’ என்று ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனால், விமான நிலையத்திலேயே கைதாக நேரிடும். பிள்ளைகள் வெவ்வேறு நாடுகளில் இருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

ஆகவே இத்தகைய பொருள் வைத்திருக்கும் பெரியவர்களிடம் நான் வேண்டிக் கேட்பது இதுதான்: உயிலில் பெயர் எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். நல்ல கையெழுத்து, நல்ல நடை எதுவும் வேண்டாம். காவல்துறையிடம் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். யாருக்குக் கொடுக்க நினைக்கிறீர்களோ அவரிடம், வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இந்த மூன்றாவதை என் நண்பர் செய்யவில்லை. நான் மறுக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும் என்பது உண்மைதான். இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க விரும்பாதவர்கள் நிறையப் பேர். அது அவர்கள் உரிமை. கேட்டிருந்தால் அவரோடு உட்கார்ந்து அந்தப் பெட்டியை ஒரு மாலை முழுவதும் திறந்து பார்த்திருப்பேனே என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு.

வாரிசாகப் பெற்றவர்களுக்குப் பராமரிப்பு பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெறும் கையால் தொட்டால் விரல் வியர்வையின் உப்பு இரும்பில் அப்படியே துருப்பிடித்துக் கைரேகையாக நிற்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டிவைக்காதீர்கள். தோலைப் பதப்படுத்தும்போது சேரும் அமிலங்களும் அது பிடித்துவைக்கும் ஈரமும் இரும்பை அரிக்கும், பித்தளையில் பச்சை பூக்கவைக்கும். மென்மையான பருத்தித் துணியில் லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகு கிடைத்தால் இன்னும் நல்லது. சுத்தியலை இழுத்த நிலையில் விட்டுவைக்காமல் கீழே இறக்கியே வைக்க வேண்டும். இறக்கும்போது விரலால் பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்க வேண்டும்.

சுட்டுப் பார்க்கும் ஆசை யாருக்கும் வர வேண்டாம். இந்தக் குழல்கள் கருமருந்துக்காகச் செய்தவை. 1884-இல் ஃபிரான்சில் பால் வியேய் கண்டுபிடித்த புகையில்லா மருந்து அதைவிடப் பல மடங்கு அழுத்தம் தரும். அதைப் பழைய குழலில் போட்டால் குண்டு வெளியே போவதற்கு முன் குழல் கைக்குள்ளேயே சிதறும். கருமருந்தே போட்டாலும், உள்ளுக்குள் எங்கே விரிசல் ஓடியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பழைய துப்பாக்கிகள் பற்றிய கடிதமோ படமோ வந்தால் வெளியிடுங்கள், வரலாறு தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் கையில் துப்பாக்கி இருக்கும் படத்தை மட்டும் போடாதீர்கள். பக்கத்திலேயே ‘குழல் காலியா என்று முதலில் சோதியுங்கள்’ என்று ஒரு கட்டச் செய்தி போட்டால் அது எங்காவது ஒரு வீட்டில் உதவும்.

என் வயதுக்கு, அடுத்து யார் என்ற கேள்வி எனக்கும் வந்துவிட்டது. அக்கா மகளிடம் கேட்டிருக்கிறேன். உலோகப் பொருள்களின் வரலாற்றில் அவளுக்கு ஆர்வம் உண்டு. ‘மாமா, யோசித்துச் சொல்கிறேன்’ என்றாள். உடனே சரி என்று சொல்லாததே எனக்கு நம்பிக்கை தந்தது. வேண்டாம் என்று அவள் சொன்னால், காவல்துறையின் ஒப்புதலோடு ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுவேன். எப்படியானாலும் நண்பர் எழுதிய இரண்டு பக்கங்களோடு, என் கையில் இருந்த காலத்தைப் பற்றி நான் எழுதியிருக்கும் ஒரு பக்கமும் சேர்ந்து போகும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்